பதினொன்றேகாலுக்கு வருகிறவர்

வீரபாண்டி, திருப்பூர்
12.8.2024

அன்புள்ள செல்லாத்தாள் அக்காவுக்கு,

விஜயராணி எழுதுகிறேன். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்து இரண்டு வாரம் ஆகிறது. நம் வார்டு ஆஷாவின் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். வெள்ளகோவில் வரைக்கும் பஸ் ஏறி வரத் தைரியம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு எப்படி இருக்கிறது? இடது காலில் மரத்துப்போவது குறைந்ததா? இதைக் கேட்க இவளுக்கு என்ன யோக்கியதை என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிமிர்ந்து படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வையுங்கள்.

சுப்பண்ணன் ஐயா இறந்துவிட்டார், தெரியுமா? ஜூலை பதினெட்டாம் தேதி. நீங்கள் அவரைத் தாங்கிப் பிடித்த ஒன்பதாவது நாள். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அன்று நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று பெரிய டாக்டர் சொன்னார்.

ஏழாம் நம்பர் கட்டிலுக்கு அவருக்குப் பிறகு மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். ஆனால் கட்டில் சரியாக இல்லை அக்கா. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காலையில் வரிசையாக நிற்கிறது. பதினொன்றேகால் வாக்கில் போய்ப் பார்த்தால் மற்ற கட்டில்களை விட்டு ஒரு சாண் விலகி நிற்கிறது. உங்களுக்கும் எனக்கும் அது நடந்த நேரம் அதுதானே. வார்டில் யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை.

இன்னொரு விஷயமும் எழுத வேண்டும். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நீங்கள் பதில் போட்டால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
விஜயராணி


வெள்ளகோவில்
19.8.2024

விஜயராணி சிஸ்டருக்கு, செல்லாத்தாள் எழுதியது.

லெட்டர் வந்தது. போஸ்ட்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். எங்கள் தெருவுக்கு பேங்க் நோட்டீஸ் தவிர எதுவும் வராது.

நம்பரை பிளாக் செய்தது என் மகன் நித்தீஷ் இல்லை, நானேதான். போனில் பேசினால் நீங்கள் அழுவீர்கள். நான் "சரி உடு கண்ணு" என்று சொல்லிவிடுவேன். என் வாய் அப்படிப்பட்ட வாய். என்னைப் பற்றி நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள் அல்லவா, அதனால் நாம் எழுதியே பேசிக்கொள்வோம்.

நீங்கள் இரண்டு முறை கிழித்ததை நானே எழுதுகிறேன். தொழிலாளர் ஆபீசில் நித்தீஷ் மனுப் போட்டான். வேலையில் பட்ட அடி என்றால் ஆபரேஷனை ஆஸ்பத்திரி ஏற்க வேண்டும் என்று. அதற்கு ஆஸ்பத்திரி கொடுத்த பதிலில் ஒரு தாள் இருக்கிறது. "செல்லாத்தாள் அன்று காலை பணிக்கு வரும்போதே இடுப்பு வலிப்பதாகக் கூறினார். நோயாளியைத் தூக்கும்போது அவருக்கு அடிபட்டதை நான் பார்க்கவில்லை." கீழே உங்கள் கையெழுத்து. முத்து முத்தான கையெழுத்து.

அன்று காலையில் நான் சொன்னது நிஜம். ஊரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். "இடுப்பே உட்டுப் போச்சு கண்ணு, ஒரு டீ வாங்கிக் குடு" என்றேன். நீங்களும் சிரித்துக்கொண்டே வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த டீயை இப்படிக் கணக்கில் வைப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் குடித்திருக்க மாட்டேன்.

பாதம் தொங்க ஆரம்பித்துவிட்டது. செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரிவதில்லை. நாள் தள்ளினால் கால் திரும்ப வராது என்று டாக்டர் சொல்கிறார். விசாரணை செப்டம்பர் இருபத்து மூன்றாம் தேதி. உங்கள் தாள் அங்கே இருக்கும்வரை எனக்கு ஆபரேஷன் இல்லை.

சுப்பண்ணன் செத்தது எனக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை. தினமும் வருகிறாரே. வெயில் ஏறி, மருமகள் சோறு வடித்துக்கொண்டிருக்கும் நேரம், நல்ல வெளிச்சத்தில், என் கழுத்தில் இரண்டு கை விழும். பிறகு பாரம். மூச்சு விட முடியாது. கொஞ்ச நேரத்தில் போய்விடும். சுவரில் மணி பார்ப்பேன், பதினொன்றேகாலைத் தாண்டி இருக்கும். உங்களுக்குக் கட்டில்தான் நகர்கிறது. எனக்கு ஆளே வருகிறார்.

செல்லாத்தாள்


வீரபாண்டி
27.8.2024

அக்கா,

உங்கள் கடிதத்தை பாத்ரூமில் நின்றுகொண்டு படித்தேன். நான்கு வருஷத்தில் நீங்கள் என்னை நோயாளிகளுக்கு முன்னால் மட்டும்தான் சிஸ்டர் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டேன், பிறகுதான் மிச்சத்தைப் படித்தேன்.

நடந்ததை எழுதுகிறேன். கட்டில் பிரேக்கை நான் போடவில்லை. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அன்று ஐயாவை சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். நீங்கள் வலது கை, நான் இடது கை. கட்டில் விளிம்புக்கு நகர்த்தி அவரை எழுப்பும்போது கட்டில் பின்பக்கமாக ஓடியது. என் ஒரு முட்டி கட்டில் மேல் இருந்ததால் நானும் கட்டிலோடு போய் விழுந்தேன். எழுந்து பார்த்தால் தொண்ணூற்று நான்கு கிலோ மனிதர் மொத்தமாக உங்கள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். உங்கள் இடுப்பு ஒரு பக்கமாகத் திருகியிருந்தது. நீங்கள் கத்தவே இல்லை. கத்தியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

கால்மாட்டில் இருக்கும் பெடலை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். நான் மிதித்தேனா? இந்த ஒரே கேள்வியை எத்தனை தடவை கேட்டுக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது. மிதித்ததாக ஞாபகம் இல்லை. கட்டில் ஓடியது என்றால் மிதிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அட்மின் தனபால் சாரும் அதையேதான் கேட்டார். உங்களுக்குத் தெரியுமே, குரலை உயர்த்தவே மாட்டார். "பிரேக் போட்டிருந்தா பெட்டு எப்புடிங்க சிஸ்டர் நகரும்? உங்க மேலதானுங்க தப்பு வரும். நர்சிங் கவுன்சில் வரைக்கும் போனா உங்க படிப்பே போயிருமுங்க. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க, யாருக்கும் தொந்தரவு இல்லீங்க" என்றார். என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர் பீரோவில் இருக்கிறது. வாசித்துப் பார்க்காமல் போட்டேன் என்று சொல்லலாம். ஆனால் வாசித்துவிட்டுத்தான் போட்டேன்.

இப்போது ஏழாம் நம்பரின் பெடலை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய் மிதிக்கிறேன். மிதித்துவிட்டுக் குனிந்தும் பார்க்கிறேன். பெடல் கீழேதான் இருக்கும். பதினொரு மணிக்கு எல்லோரையும் எழுப்பி நாற்காலிக்கு மாற்றி முடித்ததும் போனால், கட்டில் விலகி நிற்கும். பெடல் அப்போதும் கீழேதான் இருக்கிறது. பிரேக் போட்ட கட்டில் எப்படி அக்கா நகரும்? நேற்று என்னை அறியாமல் "ஐயா, போட்டுட்டேன்யா, இன்னிக்குப் போட்டுட்டேன்யா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்தக் கட்டிலில் படுத்திருந்தவரின் மகள் பயந்துபோய் வேறு கட்டில் கேட்டாள்.

உங்கள் காலை நான்தான் எடுத்துவிட்டேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ராணி


வெள்ளகோவில்
2.9.2024

ராணி,

உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். படித்த பெண்ணுக்கு இவ்வளவு கூறுகெட்ட மூளை இருக்கக் கூடாது.

பிரேக் நீ போட்டாய். நான் கேட்டேன். அந்தப் பெடல் விழும்போது கடக்கென்று ஒரு சத்தம் வரும். உன் கால் நாற்காலிப் பக்கம் போவதற்கு முன் அந்தச் சத்தம் வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் நான் அவர் கையின் கீழே என் தோளைக் கொடுத்தேன். பதினாறு வருஷம் பனியன் கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு நடுவே காது பழக்கியவள் நான். எந்தச் சத்தம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீ போய் தனபாலிடம் கேட்டாய்.

அதனால் பேய் என்று நீயாக ஒன்றைக் கட்டிக்கொண்டு பயப்படாதே. சுப்பண்ணனுக்கு ஊரெல்லாம் தோட்டமும் கம்பெனியும் கிடக்க, உன் வார்டுக் கட்டிலை ஒரு சாண் தள்ளிவிட்டுப் போகவா வருவார்? ஆள் இல்லாத கட்டிலாக இருக்கும்போது பெடலை மிதித்துவிட்டு, இரண்டு பேராக நின்று தள்ளிப் பார். வெளிச்சத்தில் பார்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீ எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "விழற ஆளைத் தாங்கிப் பிடிக்காதீங்க. பக்கத்துல நின்னு, உங்க கால் மேல சறுக்க விட்டு, மெதுவா தரையில உக்கார வையுங்க. தலை மட்டும் இடிக்காமப் பாருங்க" என்றாய். ஆஷாவை விழ வைத்துக் காட்டினாய். நான்தான் சிரித்தேன். ஒரு மனிதரைத் தரையில் விடச் சொல்லிக் கொடுக்கிறாளே என்று. கம்பெனியில் செக்கிங் டேபிளில் வெள்ளை பீஸ் தரையில் பட்டால் ரிஜெக்ட். துணிப் பண்டில் சரிந்தால் மார்பைக் கொடுத்தாவது பிடிப்போம். அந்தப் பழக்கம் என் கையை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தும் என் கைக்கு விடத் தெரியவில்லை.

தூக்குகிற மெஷின் இருந்தது. நாம் கிரேன் என்று பேர் வைத்தோமே. துணித் தொட்டிலில் உட்கார வைத்து அதுவே தூக்கும். முதல் நாள் அதை எடுத்து வந்தபோது சுப்பண்ணன் மகன் என்ன சொன்னார்? "எங்கய்யன என்னங்க பொணமாட்ட துணியில கட்டித் தூக்கறீங்க? கையில புடிச்சு எந்திரிக்க வைங்க." தனபால் உடனே அதன் மேல் போர்வையைப் போட்டு மூடி, படிக்கட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டார். தடுத்துப் பேச உனக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. தோள் கொடுத்தோம்.

கட்டிலைப் பார்த்துவிட்டு எழுது.

செல்லாத்தாள்


வீரபாண்டி
12.9.2024

அக்கா,

பார்த்தேன். மெயின்டனன்ஸ் முனீஸ் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். பெடலை மிதித்தேன், கடக்கென்றது. இருவரும் தள்ளினோம். முதலில் அசையவில்லை. முனீஸ் அண்ணன் விளிம்பில் உட்கார்ந்து எழுந்ததும் பின்னால் ஓடியது.

அவர் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். "சக்கரத்தப் புடிக்கிற பல்லு மழுங்கிப் போச்சு தாயி. மிதிச்சா சத்தம்தான் வரும், புடிக்காது. இத நான் எழுதிக் குடுத்து எத்தன மாசமாச்சு" என்றார். புகார் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஏழாம் நம்பர் கட்டில், பிரேக் பழுது. மார்ச்சில் ஒரு தடவை, மேயில் ஒரு தடவை, ஜூலை முதல் வாரத்தில் ஒரு தடவை. மூன்றுக்கும் கீழே தனபால் சாரின் கையெழுத்து. அக்கா, அவருக்குத் தெரியும். "பிரேக் போட்டிருந்தா எப்புடிங்க நகரும்" என்று என்னைக் கேட்டபோதே அவருக்குத் தெரியும்.

நான் போட்டிருக்கிறேன். இரண்டு மாதமாக என் காலையே நம்பாமல் இருந்தேன். அன்று ஒரு மணி நேரம் மாடியில் உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் சந்தோஷமாக இல்லை. கட்டிலை இன்னும் மாற்றவில்லை. முந்தாநாள் ஆஷா அதே கட்டிலில் ஒருவரைத் தனியாக எழுப்பிக்கொண்டிருந்தாள், தோளைக் கொடுத்து, உங்களைப் போலவே. ஓடிப்போய் இழுத்துவிட்டேன். அவளுக்கு என் மேல் கோபம். அன்றிலிருந்து யார் குனிந்தாலும் எனக்கு உங்கள் முதுகு மாதிரியே தெரிகிறது.

இருபத்து மூன்றாம் தேதி என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் சொன்னேன். அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, பனியன் கம்பெனி கட்டிங் டேபிளில் நின்றே என்னைப் படிக்க வைத்த சகாயராஜ். "நமக்கு எதுக்குளா வம்பு? சர்டிபிகேட்ட வச்சுக்கிட்டுக் குடுக்கலேன்னா என்னளா செய்வ?" என்கிறார். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்களிடம் பொய் சொல்ல வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ராணி


வெள்ளகோவில்
17.9.2024

ராணி,

நீ பொய் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டாய். இனி நான் மறைத்து வைத்திருப்பது நன்றாக இருக்காது.

சுப்பண்ணன் என் கழுத்தில் தொங்கியபோது நீ விழுந்து கிடந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. பக்கவாதத்தில் அவருக்கு வாய் போய்விட்டது. எங்கள் இரண்டு பேருக்குள் ஒரு பாஷை இருந்தது. போதும், இறக்கி வை என்று சொல்ல வேண்டுமானால் நல்ல கையால் என் முதுகில் தட்டுவார். அன்றும் தட்டினார். பயந்து பிடித்துக்கொண்டார் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பயத்தில் பிடித்தவர் தட்ட மாட்டார். வராத கை என் கழுத்தில் கிடக்க, நல்ல கையால் தட்டிக்கொண்டே இருந்தார். என் இடுப்பில் ஏதோ அறுந்தது அவருக்கும் கேட்டிருக்கும். இறக்கி வை, இறக்கி வை என்று தட்டினார். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

தினமும் வந்து அதைத்தான் செய்கிறார். பாரம் எனக்குப் பெரிதில்லை. அந்தத் தட்டைத்தான் தாங்க முடியவில்லை. நான் கேட்காமல் போனதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

ஆகவே முழுத் தப்பும் உன் தலையில் இல்லை. கட்டிலில் கொஞ்சம், துணியைப் பார்த்துப் பிணம் என்ற மகனிடம் கொஞ்சம், என்னிடமும் இருக்கிறது. உன் அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீ வராமல் போனாலும் நான் சபிக்க மாட்டேன்.

ஆனால் எனக்கு நடக்க வேண்டும் கண்ணு. அதையும் எழுதாமல் விட்டால் அதுவும் பொய்தான். நாற்பத்தொன்பது வயதில் மருமகள் பெட்பேன் வைத்துக் கழுவிவிட வாழப் பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணும் என்னைத் தனியாகத்தான் தூக்குகிறாள். அவள் குனியும்போதெல்லாம் அவளுடைய இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செல்லாத்தாள்


வீரபாண்டி
25.9.2024

அக்கா,

நித்தீஷ் சொல்லியிருப்பான். இருந்தாலும் நானும் எழுதுகிறேன்.

தொழிலாளர் ஆபீசில் என் முறை வந்தது. அந்தத் தாளைக் காட்டி "இது உங்கள் கையெழுத்தா?" என்றார் அதிகாரி. ஆமாம் என்றேன். "இதில் உள்ளது உண்மையா?" என்றார். டீ வரைக்கும் உண்மை, மற்றது பொய் என்றேன். அவருக்குப் புரியவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தனபால் சார் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சிஸ்டருக்கு மனசு சரியில்லீங்க. கட்டில்ல பேய் இருக்குதுன்னு பேசிட்டிருந்தவங்க" என்றார். வேறு கட்டில் கேட்ட அந்த நோயாளியின் மகள் சொல்லியிருக்க வேண்டும். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

ஆமாங்க, பேய் என்றுதான் நினைத்தேன் என்றேன். பிரேக் போட்ட கட்டில் நகர்ந்தால் வேறு என்ன நினைப்பது? முனீஸ் அண்ணனின் நோட்டைப் பாருங்கள் என்றேன். அவர் வெளியே வராந்தாவில் அந்த நோட்டைப் பனியனுக்குள் செருகிக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். எனக்கே தெரியாது அக்கா. நான் கூப்பிடவில்லை. அவராக வந்திருந்தார்.

அதன் பிறகு ஆஸ்பத்திரி வக்கீல் எழுந்து தனபால் சாரின் காதில் ஏதோ சொன்னார். உங்கள் ஆபரேஷனை ஏற்றுக்கொள்வதாக அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் சர்டிபிகேட்டையும் கொடுக்கச் சொல்லி உத்தரவு. கையோடு வேலையும் போயிற்று. உடுமலைப்பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக வார்டுக்குப் பை எடுக்கப் போனேன். ஏழாம் நம்பர் இடம் காலியாக இருந்தது. தரையில் நான்கு சக்கரத் தடம் மட்டும் இருந்தது. மணி பதினொன்றேகால் ஆகவில்லை. ஆகும்வரை நிற்கலாமா என்று நினைத்தேன். நிற்காமல் வந்துவிட்டேன்.

ராணி


வெள்ளகோவில்
8.12.2024

கண்ணு ராணிக்கு,

ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். கோயமுத்தூரில் செய்தார்கள். எழுத உட்கார முடியாததால்தான் தாமதம். பாதம் முழுசாகத் திரும்பவில்லை, திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போகிறேன். ஆஸ்பத்திரி வேலைக்கு இனி போக முடியாது. முடிந்துபோனதைப் பற்றி அழுவதில்லை.

ஆபரேஷன் அன்று என்னை ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற நான்கு பெண்கள் வந்து விரிப்பின் நான்கு மூலையைப் பிடித்தார்கள். நித்தீஷ் முகம் வெளுத்துப்போய், "அப்புடித் தூக்காதீங்க, கையில தூக்குங்க" என்று கத்தினான். சுப்பண்ணன் மகனின் குரலேதான். "செத்தப்பறம் தூக்கற மாதிரி இப்பவே ஒருக்கா தூக்கட்டும் சாமி, நானும் கண்ணுல பாத்துக்கறேன்" என்றேன். அந்தப் பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒருத்திக்கும் இடுப்பு வளையாமல் வழுக்கிக்கொண்டு போனேன்.

அவர் இன்னும் வருகிறார். ஆபரேஷன் செய்தால் போய்விடுவார் என்று நினைத்திருந்தேன். தட்டுவது நிற்கவில்லை.

ஒரு விஷயம் சொல்லத்தான் இந்த லெட்டர். போன வியாழக்கிழமை பிசியோ செய்ய ஒரு சின்னப் பெண் வந்தாள். வாக்கர் இல்லாமல் நிற்க வைத்தாள். நாலு எட்டு வைத்தேன். தொங்குகிற பாதம் கால்மிதியில் சிக்கிச் சாய்ந்துவிட்டேன். அவள் பிடிக்க வந்தாள். என் கை தானாக எழுந்து அவள் முதுகில் தட்டியது. "உடு கண்ணு, உட்ரு" என்றேன். அவளுக்கு யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காலை முன்னால் வைத்து, அதன் மேல் என்னைச் சறுக்க விட்டாள். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மருமகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அந்தப் பெண் மன்னிச்சுக்கோங்கம்மா, மன்னிச்சுக்கோங்கம்மா என்றாள். சிமெண்டுத் தரை குளிர்ந்து கிடந்தது. நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன். நிஜமாகவே ஒன்றும் ஆகவில்லை ராணி. அன்று இறக்கி வைத்திருந்தால் அவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

செல்லாத்தாள்